எழுதி வைத்த மூன்று மணி

எங்கள் சலவைக்கூடத்தில் அவருக்கு உபதேசியார் என்று பெயர். வேலை உத்தரவில் பாய்லர் ஆபரேட்டர் என்றுதான் இருந்தது. சபையில் ஜெபமும் பிரசங்கமும் செய்கிறவரைச் சொல்லும் உபதேசியார் என்பது நாங்கள் வைத்தது. அதில் பாதி மரியாதை, பாதி கேலி. கேலியில் பெரும்பங்கு என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அந்த வாய்க்கும் வேலை இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்கும் சமையல்கூடத்துக்கும் நடுவில் எங்கள் கூடம். மேலே வார்டுகளில் நோயாளிகள் படுத்த விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் பச்சைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கீழே வரும். துவைத்து, பிழிந்து, ரோலரில் விட்டு, மடித்து மறுபடி மேலே அனுப்புவோம். ரோலர் என்பது இரண்டு ஆள் நீளமுள்ள சூடான உருளை. ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். அந்தச் சூடு பக்கத்து அறையில் இருக்கும் பாய்லரிலிருந்து குழாய் வழியாக வருகிற நீராவி. பாய்லர் உபதேசியார் கையில். ரோலர் அவருடைய மச்சினன் கையில், அதாவது அவர் மனைவியின் தம்பி. அக்கா புருஷன் சொல்லித்தான் அவனுக்கு அந்த வேலை கிடைத்தது.

நான் மடிப்பு மேசை. பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இந்த முனையை ஒருத்தி, அந்த முனையை இன்னொருத்தி பிடித்து, உதறி, நடந்து வந்து கைக்குக் கை சேர்க்க வேண்டும். அதனால் மடிப்பு மேசையில் எல்லோருக்கும் ஒரு ஜோடி உண்டு. என் ஜோடி ஒன்பது வருஷம் என்னோடு மடித்தவள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து போகும். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை. அவள் செத்துப்போனாள். அவளைக் கொன்றது அந்த ரோலர்காரன் என்று பதினோரு வருஷம் நம்பினேன்.

உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அவர் நல்ல மனிதர். இதை நான் வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. வார்டிலிருந்து நர்ஸ்கள் பாய்லர் அறைக்குப் போன் போடுவார்கள். "ஐயா, பன்னெண்டாம் நம்பர் பெட்டுக்கு இன்னிக்கு ஆபரேஷன். ரொம்பப் பயப்படுறாங்க. கொஞ்சம் வந்து ஜெபிச்சிட்டுப் போங்களேன்." இவர் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு மாடிக்குப் போவார். குரல் அப்படி ஒரு குரல். கேட்கிறவனுக்கு நோய் பாதி இறங்கின மாதிரி இருக்கும். திரும்பி வர அரைமணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். "பாய்லரை யாரு பாத்துக்கிறாங்க?" என்று நான் கேட்டால், "மேல இருக்கிறவர் பாத்துக்குவார்" என்பார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

பாய்லர் அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். அதில் அன்றைய தாள். காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை, மணிக்கு ஒருமுறை அழுத்தம் காட்டும் முள் எந்த எண்ணில் நிற்கிறது, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். காலையில் சேஃப்டி வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்து, அது திறந்து மூடுகிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடுவது அந்த வால்வு. எங்கள் பாய்லரில் அழுத்தம் எப்போதும் ஏழு கிலோ. வருஷக்கணக்காக ஏழு. ஆகையால் உபதேசியார் காலையில் வந்ததும் பேனாவை எடுத்து ஏழு, ஏழு, ஏழு என்று மூன்று மணி வரைக்கும் மொத்தமாக எழுதிவிடுவார். வால்வுக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். இது அவர் ஒருவர் செய்த தப்பு இல்லை, பாய்லர் வேலை பார்க்கிற பாதிப் பேர் செய்வதுதான். மாறாத எண்ணை மணிக்கு மணி போய்ப் பார்ப்பானேன் என்கிற அலுப்பு. மிச்சமாகிற நேரத்தில் அவர் ஜெபம் செய்தார், மற்றவர்கள் தூங்கினார்கள், அவ்வளவே.

விபத்து நடந்த அன்று ரோலருக்கு விரிப்பு விடுகிற பெண் லீவு. என் ஜோடி அவளுக்குப் பதிலாகப் போனாள். "அரை நாள்தானே, நீ கெழவிய வெச்சு ஒப்பேத்து" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெழவி என்றது எங்கள் மேஸ்திரியம்மாவை. எங்களுக்குள் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், அப்புறம் அவள் எப்போதும் அப்படித்தானே பேசுவாள் என்றும் தோன்றும்.

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ரோலர் பக்கம் ஒரு இடி விழுந்த சத்தம். பிறகு ஒரு சீறல். கூடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவள் கத்தியது ஒரே ஒரு முறைதான். ரோலர்காரன் அதற்குள் புகுந்ததைப் பார்த்தேன். ரோலருக்கு நீராவி விடுகிற வால்வுச் சக்கரத்தை வெறுங்கையால் பிடித்து மூடியிருக்கிறான். அவனை வெளியே இழுத்துப் போட்டபோது இரண்டு கையிலும் தோல் இல்லை. அவள் மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பாய்லர் அறைத் தாளைப் பார்த்தார்கள். இரண்டு மணி வரை சீராக ஏழு கிலோ. வால்வு காலையில் சோதித்ததாகக் கையெழுத்து. இப்போது தூக்கிப் பார்த்தாலும் அழகாகத் திறந்தது. ஆக, பாய்லர் மேல் பிழையில்லை. மிச்சம் ரோலர்காரன். சாப்பாட்டு நேரத்தில் ரோலர் குழாய் ஆறிப்போய் உள்ளே தண்ணீர் தங்கியிருக்கும். முதலில் அதை வடித்துவிட்டு, பிறகு நீராவியை மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். அவசரமாகத் திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் சம்மட்டியாக அடித்து இணைப்பைப் பிளந்துவிடும். அவன் குடிகாரன். முந்தின நாள் இரவு குடித்த வாடை காலையிலும் அவனிடம் அடித்ததாக நான்தான் சாட்சி சொன்னேன். அது உண்மை. அவனுக்கோ எதுவுமே ஞாபகமில்லை. மெதுவாகத் திறந்தாயா வேகமாகத் திறந்தாயா என்று கேட்டால் விழித்துக்கொண்டு கிடந்தான்.

அவனைத் தீக்காய வார்டில் வைத்திருந்த இரண்டு மாதமும் உபதேசியார் தினம் போனார். கட்டுப்போட்ட கையால் அவன் சாப்பிட முடியாது. இவர்தான் கரண்டியால் ஊட்டினார். பார்த்தவர்கள் எல்லாம் உருகினார்கள். ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, மெல்லச் சொல்லுவாராம். "மறைச்சு வெச்சா உள்ளயே அழுகும் மச்சான். வாய் விட்டுச் சொல்லிடு. ஆண்டவர் மன்னிப்பார். மனசு லேசாயிடும்."

"எனக்கு ஞாபகமே இல்லையே மாமா."

"ஞாபகம் இல்லாட்டியும் தப்பு தப்புதானே."

ஒரு வாரம் அழுதான். பிறகு அதிகாரிகளிடம், "வேகமாத்தான் தெறந்திருப்பேன், குடிகாரன் வேற எப்படித் தெறப்பான்" என்று ஒத்துக்கொண்டான். வேலை போயிற்று. ஆனால் ஒன்று நடந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவன் நிஜமாகவே மனம் திரும்பினான். குடியை விட்டான். எங்கள் சபைக்கு வந்தான், ஞானஸ்நானம் எடுத்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன அந்தக் கைகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை பார்த்தான். வருஷம் ஒருமுறை சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமையில் எழுந்து நின்று சொல்லுவான். "என் அஜாக்கிரதையால ஒரு தாய் செத்துப்போனாங்க. என்னை மாதிரி ஒருத்தனையும் ஆண்டவர் சேர்த்துக்கிட்டார். அந்த வழியைக் காட்டினது எங்க மாமா." எல்லோரும் அல்லேலூயா என்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அவன் முதல்முறை சபைக்கு வந்த அன்று வாசலில் அவனை மறித்து, "அவ போன எடத்துக்கு நீ போயிருக்கணும்" என்று சொன்னவள் நான். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா" என்றான். அந்த ஆமாக்கா எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. பதினோரு வருஷத்தில் அவனுக்கு நான் ஒருமுறைகூடக் கை கொடுக்கவில்லை. அதை ஒரு விரதம் மாதிரி காப்பாற்றினேன்.

உபதேசியார் அதற்குப் பிறகு பாய்லரை விட்டு நகரவே இல்லை. நர்ஸ்கள் போன் போட்டால், "இங்கிருந்தே ஜெபிக்கிறேம்மா" என்பார். லீவு எடுக்கவில்லை. சாப்பாட்டை முள்ளைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டார். மணி அடிக்கிற நேரத்துக்கு எழுந்து போய் எண்ணை எழுதினார். வேலை என்றால் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சூப்பிரண்டு எங்களுக்கு உபதேசம் செய்வார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும். வீட்டில் குக்கர் வைத்தால் விசில் வருவதற்குள் தெருவுக்குப் போய்விடுவாராம். கடைசியில் அவர் மனைவி குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பானைக்கு மாறிவிட்டார்.

ஒருநாள் பிற்பகல், விரிப்புகள் ஈரமாக வருகின்றன என்று சொல்லப் பாய்லர் அறைக்குப் போனேன். உள்ளே அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஏழும்மா. ஏழுதான்." எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. வாசலைப் பார்த்து நின்றிருந்தார், அதாவது என்னைப் பார்த்து; ஆனால் அவர் கண் என் மேல் இல்லை, என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னாலும் யாரும் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா. "உபதேசியாருக்கு ஏழாம் வானமே தெரியுது போல" என்று கேலி செய்துவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கே நின்றது யார் என்று பிற்பாடு அவரே சொன்னார். என் ஜோடிதான்.

உயிரோடு இருந்தபோது, விரிப்பு சரியாகக் காயாவிட்டால் அவள்தான் போய்க் கேட்பாள், கையில் அந்த ஈர விரிப்போடு. "எவ்வளவு இருக்கு அண்ணே?" அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அதேபோல் வந்து நின்றாளாம். நல்ல வெயில், ஜன்னல் வழியாகச் சமையல்கூடத்துச் சத்தம் எல்லாம் கேட்கிறது. கையில் விரிப்பு. முகத்தில் கோபமோ துக்கமோ இல்லை, வேலை நேரத்து முகம். "மூணு மணிக்கு எவ்வளவு இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டாளாம். இவர் ஏழு என்றாராம். அவள் தலையசைத்துவிட்டுப் போனாளாம். மறுநாளும் வந்தாள். பேயா, அவர் மனசா என்று என்னைக் கேட்காதீர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது கைகால் முளைத்து வந்து வாசலில் நின்றிருக்கிறது.

மூன்று மணிக்கு அவள் தீக்காய வார்டில் கிடந்தாள். ஆனால் பாய்லர் அறைச் சுவரில் மூன்று மணிக்கு ஏழு என்று காலையிலேயே எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். அன்று வால்வை அவர் சோதிக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார். இரண்டு மணி சுமாருக்கு வார்டிலிருந்து போன் வந்தது, ஜெபிக்கப் போனார். அது சாப்பாட்டு நேரம், கூடத்தில் இயந்திரங்கள் நின்றிருக்கும், நீராவி செலவாகாது. அப்போது நெருப்பைக் கையால் குறைக்க வேண்டும். குறைக்க ஆளில்லை. முள் ஏறிக்கொண்டே போனது. சிக்கிக்கொண்டிருந்த வால்வு திறக்கவில்லை. அவர் மாடியில் ஒரு நோயாளியின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடி நின்றபோதுதான் கீழே இடி விழுந்தது. ஓடிவந்து பார்த்தால் முள் பதினொன்றில் நின்றது. அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பக்குவமாகத் திறந்திருந்தாலும் அந்தப் பழைய குழாய் தாங்கியிருக்காது. நெருப்பைக் குறைத்தார். வால்வைத் திருப்புளியால் தட்டினார், அது திறந்துகொண்டது. பிறகு சுவரைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். தாளில் மூன்று மணிக்கு ஏழு.

பக்கத்து அறையில் என் ஜோடியைத் தூக்கிக்கொண்டிருந்தோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாளைப் பாய்லர் நெருப்பில் போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்து, இரண்டு மணி வரைக்கும் மட்டும் நிதானமான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத்தான் உதவிக்கு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது மூன்று நிமிஷ வேலைதான் போலிருக்கிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் எப்படிச் சபையில் நின்று ஜெபித்தீர்கள் என்று கேட்டேன். "மத்தவங்களுக்காகத்தான் ஜெபிச்சேன்" என்றார். "எனக்காக ஒரு தடவைகூடக் கேக்கலை. கேட்டா இதைத்தான் மொதல்ல சொல்லணும்னு தெரியும்." பிறகு, "அவன் பேரைக் கெடுத்தாலும் அவன் ஆத்துமா பொழச்சிருச்சே, இப்ப உண்மையச் சொன்னா அவன் விசுவாசம் ஆட்டம் கண்டுடுமேன்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்குவேன்" என்றார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

பதினோராம் வருஷம் அவரைச் சபை மூப்பராக, பாஸ்டருக்கு அடுத்த பெரியவர்களில் ஒருவராக, ஆக்கினார்கள். பாஸ்டர் வழக்கப்படி, "இவரைப் பற்றி யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். அவர் பதினோரு வருஷமாகப் பயந்திருந்த கேள்வி அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சினன் மட்டும் எழுந்து, "எனக்கு இவர்தான் ரட்சிப்பின் வழியைக் காட்டினார்" என்றான். அந்த நிமிஷத்தில் தப்பிவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் வந்ததாம். வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்ததாம்.

மூப்பரான பிறகு வந்த முதல் திருவிருந்து. திராட்சைரசம் ஊற்றிய சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டை மூப்பர்கள் வரிசை வரிசையாகக் கொண்டுபோவார்கள். மச்சினன் இருக்கிற வரிசை இவருக்கு வந்தது. அவன் விரல்களால் அந்தக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாது. அதுவரை பாஸ்டர்தான் வாயில் பிடித்துக் கொடுத்துவந்தார். இப்போது இவர் கொடுக்க வேண்டும். நான் மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணை மூடி, முகத்தைக் குழந்தை மாதிரி நிமிர்த்தி, வாயைத் திறந்தான். தீக்காய வார்டில் கரண்டிக்குத் திறந்த அதே வாய். உபதேசியார் கிண்ணத்தை எடுத்தார். கை பாதி தூரம் போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. அவன் வாயைத் திறந்தபடியே காத்திருந்தான். அவர் கிண்ணத்தைத் தட்டில் திரும்ப வைத்தார், தட்டைப் பெஞ்சில் வைத்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மயக்கம் என்று நினைத்து விசிறினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மச்சினன்தான் அவரைக் கைத்தாங்கலாக வெளியே, கிண்ணங்கள் கழுவுகிற குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே வைத்துத்தான் சொல்லியிருக்கிறார். ஒன்றையும் விடாமல், முள் பதினொன்றில் நின்றது வரைக்கும்.

அவன் பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப நான் மெதுவாத்தான் தெறந்தேனா மாமா?"

"மெதுவாத்தான் தெறந்திருப்பே. நீ குடிப்பியே தவிர, வேலையில தப்புப் பண்ணினதில்லை."

"பதினோரு வருஷமா கனவுல அந்த வால்வைத் தெறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேகமாத் தெறக்கிறேன். கை நிக்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு அந்த ஒட்டிப்போன கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.

"சொன்னா உன் விசுவாசம் போயிடுமோன்னு பயந்தேன் மச்சான்."

"எங்கிட்ட இருந்தது அந்த ஒரு பாவந்தான்னு நெனச்சீங்களா? குடிச்சுட்டு அம்மாவ அடிச்சிருக்கேன். எத்தன பொய், எத்தன அசிங்கம். எனக்கு அழறதுக்கு நெறைய இருந்துச்சு மாமா. உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சு உங்களைப் பாத்துப் பொறாமப்பட்டேன்."

இவர் அவன் காலைப் பிடிக்கப் போனார். அவன் விலகிக்கொண்டான். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணு மச்சான்" என்று கேட்டிருக்கிறார். பதினோரு வருஷம் அவனுக்காக இவர்தான் ஜெபித்திருக்கிறார். இவர் கேட்டது அதுவே முதல் தடவை.

"இன்னிக்கு எனக்கு வாய் வராது. நீங்களே பண்ணுங்க. உங்களுக்காகப் பண்ணுங்க." இப்படிச் சொல்லிவிட்டு அவன் போகவும் இல்லை, நாலடி தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

அரைமணி நேரம் தங்குதடையில்லாமல் ஜெபிக்கிற மனிதர் ஈரத் தரையில் முழங்காலிட்டார். ஒரு வார்த்தை வரவில்லை. வழக்கமாக வருகிற அழகான வார்த்தைகள் எல்லாம் மற்றவர்களுக்கென்று தைத்த சட்டைகள், இவருக்குச் சேரவில்லை. கடைசியில், "நான்தான் ஆண்டவரே. நான்தான் பண்ணினேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை சூப்பிரண்டிடம் எழுதிக் கொடுத்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், விசாரணையை மறுபடி திறந்தார்கள், வழக்கு இன்னும் நடக்கிறது. வேறு ஊருக்குப் போய்விட்ட என் ஜோடியின் புருஷனுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. மூப்பர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது கடைசிப் பெஞ்சில் உட்காருகிறார். அவள் இன்னும் வருகிறாளா என்று கேட்டேன். "வர்றா. கேள்வி கேக்கிறதில்ல. சும்மா நின்னு பாத்துட்டுப் போறா" என்றார். மன்னிப்பு வந்துவிட்டால் எல்லாம் துடைத்துப்போட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை சூப்பிரண்டு அறையிலிருந்து அவர் நேராக வந்தது என் மேசைக்கு. எல்லோருக்கும் முன்னால் நின்று, இங்கே நான் எழுதியது அத்தனையும் சொன்னார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அது என் கண்ணெதிரில் எழுந்து நின்று பேசும் என்று நினைக்கவில்லை. எனக்கு அடிக்கத்தான் கை எழுந்தது. "இதை ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? போலீசுக்குப் போங்க" என்றேன்.

"போறேன். அதுக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லச் சொன்னான் மச்சான். 'மடிப்பு மேச அக்கா இத்தன வருஷமா தப்பான ஆளை வெறுத்துக்கிட்டிருக்காங்க. அது அவங்களுக்கு நல்லதில்ல. நேர்ல போய் அவங்ககிட்டச் சொல்லுங்க'ன்னான்."

அவர் போன பிறகும் அது என் காதிலேயே நின்றது. ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றி இறுக்குவார்களே, நெஞ்சைச் சுற்றி அப்படி இறுக்கியது. உபதேசியாராவது மறைத்த பாவத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தவித்தார். நான் என் பாவத்தை வெளியே தெரிய, எல்லோரும் பார்க்க, நியாயம் என்று பேர் வைத்துச் சுமந்திருக்கிறேன். எனக்கு ஒருநாளும் தூக்கம் கெடவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், எப்போதும்போல. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தால் அழுகை வந்தது. இந்த வயதில், தெருவில், சேலை முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதேன்.

"என்னை மன்னிச்சிடுப்பா. உன்ன சாகச் சொன்னேன்."

"நீங்க திட்டினப்பல்லாம் நியாயம்னுதான் வாங்கிக்கிட்டேன்க்கா. நேத்துலேருந்துதான் வலிக்குது. ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. உங்க மேலயும் கோவம் வருது, மாமா மேலயும் கோவம் வருது. மன்னிச்சிட்டேன்னு வாய்க்குச் சொல்லலாம், அது பொய்." கேட்டைத் திறந்து ஸ்டூலை எனக்காக இழுத்துப் போட்டான். "உக்காருங்க. ஆண்டவர்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன். கொஞ்சம் நாள் ஆகும்."

உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் நின்றான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் போய் முடிகிற வரைக்கும் நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் மூன்று பேரில் செய்யாத குற்றத்தைச் சுமந்த அவன் ஒருவன்தான் பதினோரு வருஷமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு பேரும் அவனுக்கு முன் வரிசையிலும் பின் வரிசையிலும் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

நான் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள். ஊரையெல்லாம் மன்னியும் ஆண்டவரே என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். என்னை மன்னியும் என்று நான் முதல்முதலாகக் கேட்டது அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான்.